கதவுக்குத் தாழ்ப்பாள் ஒரு நாடா

திருப்பருத்திக்குன்றத்துக்கு நான் போனது ஓவியம் பார்க்க. காஞ்சிபுரத்துக்குத் தென்மேற்கே வேகவதியைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். ஜினகாஞ்சி என்பது பழைய பெயர். திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-ல் கட்டியவர் விஜயநகர அரசின் அமைச்சர் இருகப்பர். விதானம் நெடுகத் தீர்த்தங்கரர் கதைகள். கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை அண்ணாந்து பார்த்தேன். எனக்கு என்னவோ கதையைவிட அந்த உருவங்கள் உடுத்தியிருந்த கோடு போட்ட துணியிலேயே கண் நின்றது. ஊர்ப் பெயரில் பருத்தி இருக்கிறது, சுற்றுவட்டாரம் பூராவும் பட்டு. இதையும் யோசித்தபடி வெளியே வந்தபோது நா வறண்டிருந்தது.

தண்ணீர் கேட்ட வீட்டில் திறக்கப்பட்டது ஒரு மரக்கதவு. அதன் வளையத்தில் செருகியிருந்ததை முதலில் ஏதோ ஆப்பு என்று நினைத்தேன். படகு மாதிரி இரு முனையும் கூர்ந்து, நடுவில் குடைந்து, கைபட்டுக் கைபட்டு வழவழத்த மரம். நாடா. ஊடை இழையைச் சுமந்து பாவுக்கு நடுவே ஓடுவது. கதவைத் திறந்த அக்கா அதை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போச்சு தம்பி. இது பாட்டுக்கு நிக்குது.”

அந்த வீட்டில் தறி ஓடி நான்கு வருடம் ஆகிறது. கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒன்றாக இரண்டு என மூன்று வேண்டும். தறியில் உட்காருபவருக்குப் பக்கத்தில் இன்னொருவரும் வேண்டும். மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட, அந்த இன்னொருவர் கிடைக்கவில்லை. தறியைப் பிரித்தார்கள். பிரித்தது எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, “எங்கியும் போவல, இங்கதான் இருக்குது” என்று வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

துணி சுருட்டும் மரம் திண்ணையோரம் உட்காரும் கட்டையாகக் கிடந்தது. பாவுக்குள் போடும் மூங்கில் கோல்கள் கொல்லையில் துணிக்கொடிக்கு முட்டு. இரும்பு அச்சு சமையலறை ஜன்னலின் மேல்பாகத்தில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே நின்றது. சீப்புப் பற்களைப் போல நெருங்கிய கம்பிகள்; புகை போகும், அணில் வராது. பாவிழையைத் தூக்கும் விழுதுக்குக் கீழே தொங்கிய எடைக்கம்பிகளைத் திரைச்சீலையின் அடிமடிப்பில் வைத்துத் தைத்திருந்தார். காற்றடித்தால் திரை பறக்காமல் கனமாக அசைகிறது. பட்டிழையில் முடிச்சு நோண்டும் சிறு இடுக்கி இப்போது காலில் முள் எடுக்க.

குழித்தறியின் குழிமேல் பலகை போட்டு மூடியிருந்தார்கள். தூக்கிக் காட்டினார். கால் தொங்கப்போட்டு மிதி மிதித்த இடத்தில் ஊறுகாய் ஜாடிகளும் புளிப்பானையும். “அவர் காலு இருந்த எடம்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் என்றால் வீட்டுக்காரர்; இருக்கிறார், வாசலில் பேப்பர் படித்துக்கொண்டு. காது மந்தம்.

இத்தனையையும் பார்த்தபிறகு ஒன்று உறைத்தது. எதுவுமே அறுபடவில்லை, ஆணி அடித்துத் துளைக்கப்படவில்லை. அச்சு ஆணிகளுக்கு நடுவேதான் நிற்கிறது, ஆணியில் இல்லை. நாடாவைக் கழற்றிக் கழுவினால் திரும்ப ஓடும். சென்னையில் ஓர் உணவகத்தில், ஊடை நூல் சுற்றும் தார்க்குழல்களை வரிசையாகச் சுவரில் பசைபோட்டு ஒட்டி, மஞ்சள் விளக்கு போட்டு வைத்திருந்ததைப் பார்த்து நானும் ஒருமுறை மயங்கியிருக்கிறேன். அவை இனி எதற்கும் ஆகாது. இங்கே ஒவ்வொன்றும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது, சம்பளம்தான் இல்லை.

காஞ்சிபுரத் தெருக்களில் ‘பழைய பட்டுப்புடவை வாங்குறது’ என்று குரல் கொடுத்துப் போவார்களே, அவர்களிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஜரிகையில் வெள்ளி இருந்தால் விலை உண்டு. புடவையைக் கொளுத்தி, சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். ஆக, நெய்த சேலை எரிகிறது. அதை நெய்த மரத்துக்கு விறகுக்கடைக்காரர்தான் விலை சொல்வார். வெள்ளி இல்லாததால் தப்பித்தது என்றுகூடச் சொல்லலாம்.

அக்கா வீட்டுப் பரணில் ஒரு மூட்டை அட்டை. ஜக்கார்டு பெட்டிக்கானது. பிரான்சில் 1804-ல் ஜக்கார்டு அமைத்த முறை அது: அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி தூக்கும், தூக்கிய இழைக்கு அடியில் ஊடை போகும், பூ விழும். அதற்கு முன் பூவின் வடிவத்தை நூலில் முடிந்துவைக்கும் ‘அடை’ கட்டி, பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பிள்ளை நூலை இழுத்துத் தந்தால்தான் கரையில் பூ. இப்போது பல தறிகளில் கம்ப்யூட்டரில் வரைந்து மின்னணு ஜக்கார்டுக்குக் கொடுக்கிறார்கள். அட்டைக்கு வேலை போயிற்று.

வீட்டுப் பேத்தி அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்திருந்தாள். அட்டையை வாசலில் வைத்து மேலே கோலமாவைத் தேய்த்தால் ஓட்டை வழியே பொடி இறங்கும். எனக்காக ஒன்று செய்து காட்டினாள். மாங்காயோ அன்னமோ வரும் என்று குனிந்தேன். அட்டையைத் தூக்கினாள். வரிசைக்கும் சேராமல் கோலத்துக்கும் சேராமல் சில வெள்ளைப் புள்ளிகள். பூ எங்கே என்றேன்.

திண்ணையிலிருந்து பெரியவர், காது மந்தம் என்று சொல்லப்பட்டவர், பேப்பரை இறக்கினார். “ஒரு அட்டை ஒரு ஊடைக்குத்தான் தம்பி. மொத்தத்தையும் வெச்சாத்தான் பூவு.”

அவள் அடுத்த அட்டையை எடுத்து முதல் புள்ளிகளுக்குக் கீழே நூல் பிடித்த மாதிரி வைத்தாள். அதற்கடுத்து இன்னொன்று. அவர் எழுந்து வந்து, “அது இல்ல, அதுக்கு முந்தினது” என்று அட்டைகளின் வரிசையைத் திருத்த ஆரம்பித்தார். எட்டாவதோ ஒன்பதாவதோ அட்டையில் ஒரு வளைவு தெரிந்தமாதிரி இருந்தது. சைக்கிள் ஒன்று அதன்மேல் ஏறிப்போயிற்று.

கிளம்பும்போது, வெட்கத்தை விட்டு, அந்த நாடாவை விலைக்குத் தருவீர்களா என்று அக்காவிடம் கேட்டேன். இடுப்பிலிருந்து அதை எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

“குடுத்துட்டா ராத்திரி நாய் உள்ள வந்துரும் தம்பி” என்றார்.