லாச்சிக்குள் ஒரு லாச்சி

கந்தோரிலே முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்புகளோடு காலங்கழித்த நாம், ஒரேயொரு கடதாசியைத் தேடித் தோற்றோம் என்று சொன்னால் எம்முடன் வேலை பார்த்தோர் நம்பமாட்டார்கள். அலுமாரியின் எந்தத் தட்டில் எந்தக் கோப்பு இருக்கின்றது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்பவர் என்று எமக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை எமது வீட்டு மேசைக் கணனி ஒரே மாலைப்பொழுதில் பறித்துக்கொண்டது. வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அக்கதையை இங்கே எழுதுகின்றோம். வாசகர் வீடுகளிலும் அத்தகைய கணனி ஒன்று இருக்கக்கூடுமல்லவா?

எமது வீடு பேலியகொடையிலே, களனி கங்கைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளது. 2016 மே மாதத்தில் கங்கை பெருகியபோது வெள்ளம் விறாந்தையைத் தாண்டி உள்ளே வந்தது. கட்டிலின் கீழே தகரப் பெட்டியில் இருந்த காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், வைத்தியத் துண்டுகள் யாவும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நீர் வடிந்த பின்னர் அவற்றைப் பக்குவமாகப் பிரித்து, உடுப்புக் காயவிடும் கொடியிலே தொங்கவிட்டு உலர்த்தினோம். “இனிக் கடதாசியை நம்பியிருக்கக் கூடாது” என்றார் இல்லத்தரசி. ஸ்கானர் ஒன்றை வாங்கி, நானூறுக்கு மேற்பட்ட தாள்களைக் கணனியில் ஏற்றினோம். இயந்திரம் அவற்றுக்குத் தானே ‘ஸ்கான் 1’, ‘ஸ்கான் 2’ என்று பெயரிட்டது. நாமும் அவற்றைப் ‘புதிய கோப்புறை’, ‘புதிய கோப்புறை 2’ என்பனவற்றுள் தள்ளிவிட்டு, பெரிய காரியம் முடித்தோம் என்று நிம்மதியாக உறங்கினோம்.

சென்ற ஆண்டு, கொட்டாஞ்சேனையில் வசிக்கும் எமது மாமி திடீரென நோயுற்று வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். மறுநாட் காலையில் சத்திரசிகிச்சை. முன்னொரு முறை ஏதோவொரு மருந்து ஏற்றியபோது மாமிக்கு உடல் தடித்து, மூச்சு முட்டி, உயிர் ஊசலாடியதுண்டு. அந்த மருந்தின் பெயரை வைத்தியர் கேட்டார். மாமிக்கு நினைவில்லை, எமக்கும் நினைவில்லை. பழைய நோய் நிர்ணய அட்டையிலே சிவப்பு மையினால் அது எழுதப்பட்டிருந்தது மட்டும் கண்முன் நின்றது. தாள் வெள்ளத்திற் கரைந்துபோயிற்று. படம் கணனிக்குள் இருந்தது. ஆனால், எங்கே?

மாலை ஐந்து மணிக்குத் தேடத் தொடங்கினோம். ஒன்றைத் திறந்தால் மின்சாரப் பட்டியல்; மற்றொன்றைத் திறந்தால் மகனின் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை. கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள்ளும் ஒரு கோப்புறை. முன்பு பாமினி எழுத்துருவிலே தட்டிப் பெயரிட்ட சிலவும் இருந்தன. ‘அம்மா’ என்று நாம் தட்டியது அங்கே எம்மும் கேயும் அரைப்புள்ளியுமாகக் கிடந்து எம்மைப் பார்த்துச் சிரித்தது. ஏழு மணியாகியது. கைகள் நடுங்கின.

அவ்வேளையிலேதான் வெள்ளவத்தையிலிருந்து பெறாமகள் வந்து சேர்ந்தாள். எமக்குப் பின்னே நின்று சிறிது நேரம் பார்த்தாள்.

“சித்தப்பா, நீங்கள் ஒவ்வொரு கடிதமாக உடைத்து வாசிக்கிறீர்கள். உறையைப் பார்த்தாற் போதாதா?” என்றாள்.

“உறையிலே பெயர் இல்லையே, பிள்ளை!” என்றோம்.

“பெயர் இல்லாவிட்டாலும் நாள் இருக்குமே!”

தேடற் பெட்டியிலே ‘ஸ்கான்’ என்று தட்டி, சிதறிக் கிடந்த அனைத்தையும் ஓரிடத்தில் வரவழைத்தாள். அவற்றை ஏற்றிய நாளின்படி வரிசைப்படுத்தினாள்; பின்னர் பெயர்களை மறைத்துச் சிறு படங்களாகக் காட்டச் செய்தாள். திரை முழுவதும் தாள்கள், கொடியிலே உலர்ந்த அதே ஒழுங்கில் நின்றன. நான்காவது வரியிலே சிவப்பு மை தெரிந்தது! பத்து நிமிடத்திற்குள் மருந்தின் பெயர் தொலைபேசி வழியே வைத்தியரைச் சென்றடைந்தது. “நல்ல வேளை சொன்னீர்கள்” என்று மட்டும் அவர் கூறினார். அந்த மூன்று சொற்களின் பாரம் அன்றிரவு முழுவதும் எம்மை உறங்கவிடவில்லை.

அடுத்துவந்த ஞாயிற்றுக்கிழமைகளிற் பெறாமகள் எமக்கு ஆசிரியையானாள். அவள் கற்பித்தவற்றுட் சிலவற்றை வாசகர்க்குச் சொல்லிவைக்கின்றோம். பெயரிடும்போது ஆண்டு முதலில், மாதம் அடுத்து, அதன்பின் ஆளும் பொருளும் வரவேண்டும்: ‘2009-03 மாமி நோய் நிர்ணய அட்டை’ என்பதுபோல. அவ்வாறாயின் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். கோப்புறையில் 2009 என்று விரைந்து தட்டினால் அவ்வாண்டின் முதற் கோப்பிற் போய் நிற்கலாம். எஃப் 2 விசையை அழுத்தினால் பெயரை மாற்றலாம். மாற்றியதும் டாப் விசையை அழுத்தினால் அடுத்த கோப்பு பெயர் சூட்டக் காத்திருக்கும். நானூறு தாள்களுக்கும் இவ்விதமே நான்கு மாலைகளிற் பெயர் வைத்தோம்.

விண்டோஸ் விசையோடு ஈ எழுத்தை அழுத்தினால் அலுமாரி திறக்கும். ஆல்ட் விசையோடு மேல்நோக்கும் அம்புக்குறி, உள்ள கோப்புறையிலிருந்து ஒரு படி வெளியே கொண்டுவரும். இடது அம்புக்குறியோ சற்றுமுன் நின்ற இடத்திற்கு மீட்டுவரும். கொன்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்றும் சேர்ந்தாற் புதிய கோப்புறை. நாளாந்தம் வேண்டியவற்றை இடப்பக்கப் பட்டியிலே பதித்து வைக்கலாம். மூன்று படிகளுக்கு மேல் ஆழம் வேண்டாம் என்பது பெறாமகளின் கட்டளை: ஆளின் பெயர், விடயம், தாள், அவ்வளவே.

இவை அனைத்தும் எமக்குப் பழகிய கந்தோரிலிருந்து பிறந்தவைதாம் என்பதைப் பின்னர் அறிந்தோம். 1981 இல் செரொக்ஸ் நிறுவனம் விற்பனைக்கு விட்ட ‘ஸ்டார்’ என்னும் கணனி, எழுதுவினைஞரின் மேசையைப் பார்த்தே தாளையும் கோப்புறையையும் அலுமாரியையும் திரையிற் சித்திரமாகத் தீட்டியது. அதே 1981 இலேதான் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிந்தது. கடதாசி மட்டுமே இருந்தால் என்னவாகும் என்பதை எமது மக்கள் அறிந்த விதம் அது. 2005 இல் தன்னார்வலர் சிலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்திலே அப்பாடத்தின் மறுபாதியைக் காண்கின்றோம். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண். நூறு எண்களுக்கு ஓர் உறை. 301 ஆம் நூல் நான்காம் உறையில். 1663 ஆம் நூல் பதினேழாம் உறையில். எண்ணை அறிந்தவர் தேடவேண்டியதில்லை. நேரே போய் எடுக்கலாம். சேர்த்து வைப்பது பாதிக் காரியம். கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதே மீதிக் காரியம்.

பேலியகொடையில் வாழ்பவருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? 2011 இல் புறக்கோட்டையிலிருந்து இங்கே வந்த மத்திய மீன் சந்தைக்கு விடியற்புறம் போய்ப் பாருங்கள். பாரை ஓரிடம், சூரை ஓரிடம், இறால் ஓரிடம். அத்தனையையும் ஒரே குவியலாகக் கொட்டினால் விடிவதற்குள் வியாபாரம் நடக்குமா? அச்சந்தையின் இரைச்சலைத் தினமும் கேட்டுக்கொண்டே, வீட்டிற்குள் மட்டும் குவியல் வைத்திருந்தோமே!

இப்போது எமது கோப்புகளின் பிரதியொன்று சிறு தட்டிலே பெறாமகளின் வீட்டில் இருக்கின்றது. களனி கங்கை வெள்ளவத்தை வரை வராது என்பது எமது நம்பிக்கை. மாமி சுகமாகி வீடு திரும்பிவிட்டார். ஒருநாள் எமது கணனிக்கு அருகே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, “என்ர துண்டு எந்த லாச்சியிலே கிடக்குது? ஒருக்கால் எடு பார்ப்போம்” என்றார். எடுத்துக் காட்டினோம். சிவப்பு மையைத் திரையின்மேல் விரலாற் தொட்டுப் பார்த்தார்.

“இனி உன்ர பிள்ளைகளுக்கும் எடுக்கத் தெரியோணும்” என்றார்.

அன்று மாலையே பிள்ளைகளை அழைத்துக் கணனியின் முன் இருத்தினோம்.