ஒரு கம்ப்யூட்டர், ரெண்டு சிஸ்டம்

கேரளாவுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் வாடகை, ஸ்கூல் அட்மிஷன், மலையாளம் என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. மட்டாஞ்சேரிக்கு இனி வரப்போகிறவர்களுக்காக இந்தப் பதிவு.

இங்கே ஸ்டேட் சிலபஸ் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் லினக்ஸில்தான். 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று ஆரம்பித்த அரசுத் திட்டம், 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. உபுண்டுவை அடிப்படையாக வைத்து, பாடத்துக்கு வேண்டிய ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா, லிப்ரெ ஆபீஸ் எல்லாம் சேர்த்து ஒரு சிஸ்டத்தை இலவசமாகத் தருகிறார்கள். பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வும் அதில்தான். என் மகள் ஒன்பதாவது வரை விருதுநகரில் விண்டோஸ் பார்த்து வளர்ந்தவள். "ஸ்கூல்ல இருக்கற மெனுவே நம்ம வீட்டுல இல்லப்பா" என்றாள்.

எனக்கோ பிழைப்பே விண்டோஸில்தான். பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு வியாபாரிகள் சிலருக்குக் கணக்கு பார்க்கிறேன். டாலி ஓடுவது விண்டோஸில். வீட்டில் இருப்பதோ ஒரே கம்ப்யூட்டர். இன்னொன்று வாங்கக் கையில் காசில்லை. சிஸ்டம் போட்டுத் தர வந்த பையன், "ஃபார்மட் செய்யாம் சேட்டா, அதாணு நல்லது" என்றான். உள்ளே ஆறு வருடக் கணக்கு, மறைந்த என் அப்பாவின் போட்டோக்கள். டீ கொடுத்து அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன்.

வழி மூன்று இருக்கிறது.

ஒன்று, பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டுவது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். வைஃபை, ஸ்பீக்கர், பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க இதுதான் நல்லது. ஆனால் தினசரி உபயோகத்துக்கு ஆகாது.

இரண்டு, விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் லினக்ஸ். 2007-ல் வந்த இலவச மென்பொருள், இப்போது ஆரக்கிளின் கையில். இருக்கிற மெமரியை ரெண்டு சிஸ்டமும் பங்கு போட்டுக்கொள்ளும். எங்கள் 4 ஜிபி இயந்திரத்தில் ரெண்டுமே தவழ்ந்தன. 16 ஜிபி இருந்தால் இதுவே சுலபம்.

மூன்று, டூயல் பூட். ஆன் செய்ததும் எந்த சிஸ்டம் என்று மெனு கேட்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். முழு மெமரியும் அதற்கே. எங்களுக்கு இதுதான் ஒத்துவந்தது.

ஆனால் முன்னேற்பாடு முக்கியம். முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பை மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம். இல்லையென்றால் பூட்டிய பீரோ கதைதான். பிறகு 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியை அணையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸால் அந்த டிரைவில் எழுத முடியாமல் போகும். கடைசியாக, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே 60 ஜிபி போல இடம் சுருக்கி, அந்தக் காலி இடத்தில் மட்டும் லினக்ஸைப் போடுங்கள். டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா என்று கேட்கும் ஆப்ஷன் பக்கமே போகாதீர்கள்.

போட்ட பிறகு ஒரு வேடிக்கை. காலை 10 மணிக்கு விண்டோஸ் 4.30 என்றது! லினக்ஸ் இயந்திரத்தின் கடிகாரத்தை கிரீன்விச் நேரத்தில் வைக்கிறது; விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. விடியற்காலை 5-க்கு உட்கார்ந்தால் முந்தின நாள் தேதி. கணக்கு எழுதுகிறவனுக்கு இது ஆகுமா? கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி லினக்ஸ் டெர்மினலில் ஒரு வரிக் கட்டளை கொடுத்ததும் தீர்ந்தது.

பொதுவான ஃபைல்களை விண்டோஸ் டிரைவில் வைக்கிறோம். லினக்ஸ் அதைப் படிக்கும், எழுதும். லினக்ஸ் பகுதியை விண்டோஸால் தானாகப் படிக்க முடியாது. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்தாயிற்று. ஊரிலிருக்கும் பாட்டிக்கு மகள் அதில்தான் கடிதம் அடித்து பிரிண்ட் எடுக்கிறாள்.

இப்போது சாயங்காலம் 6 முதல் 8 வரை லினக்ஸ், அதற்கு மேல் விண்டோஸ். சண்டை கம்ப்யூட்டர் நாற்காலிக்கு மட்டும்தான் :-)

கிளம்பும் முன் பழைய கம்ப்யூட்டரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள் மக்களே. பேக்கப் எடுத்து, அதையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.