அலோன்: அப்பத்தா பிறந்த இடம்

ரங்கூன் போறவங்க ஷ்வேடகோன் பகோடா பார்ப்பாங்க, காளி கோவிலுக்குப் போவாங்க. அலோனுக்கு யாரும் போறதில்லை. நகரத்தைச் சுற்றி சுமார் 46 கிலோமீட்டர் ஓடும் வட்ட ரயிலில் ஏறினால், சென்ட்ரலிலிருந்து சில ஸ்டேஷன் தள்ளி அலோன் ரோடு வரும். மேற்கே நடந்தால் ஆறு. கன்டெய்னர் துறைமுகம், கிரேன்கள், லாரிகள். நடைபாதையில் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல் போட்ட டீக்கடைகள், சுண்ணாம்பு தடவி வெற்றிலை மடிக்கிறவங்க. அவ்வளவுதான் ஊர்.

2019இல் ஒரு சாஃப்ட்வேர் வேலைக்காக மூணு வாரம் ரங்கூனில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலோன் போனேன். எங்க அப்பத்தா பிறந்த இடம் அது. அவருடைய அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து போய், ஆற்றங்கரை மர ஆலை ஒன்றில் கணக்கெழுதினவர்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும். கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே கிளம்பினார்கள். எங்க குடும்பம் புரோம் வழியாகத் தாங்குப் மலைப்பாதையில் போனது. தண்ணீர் இல்லை, காலரா வேறு. அந்த நடையில் இறந்த பல்லாயிரம் பேரில் அப்பத்தாவின் அம்மாவும் ஒருவர்.

ஊர் வந்து சேர்ந்த கொள்ளுத்தாத்தா குடிக்க ஆரம்பித்தார். 1948இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்த பிறகும் கள்ளச்சாராயம் தேடிப் போனார். சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்குக் 'குடிகாரர்' என்ற ஒரே பேர்தான். அப்பத்தா மட்டும் சொல்வார்: "அய்யா குடிச்சாருதான். ஆனா ஆத்தாளப் பத்தி ஒரு நா கூட வாயத் தொறக்கல. அந்தப் பேச்சு வந்தா எந்திரிச்சுப் போயிருவாரு."

மர ஆலை இருந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆற்றைப் பார்த்தபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனைவி, வேலை, தெரு, பழகின ஜனங்க எல்லாம் சில மாசத்துக்குள் போயிருக்கு. கருமாதி பண்ண உடம்புகூட இல்லை. அவரை உட்கார வைத்து யார் பேசியிருப்பாங்க?

இன்னிக்குப் பேச ஆள் இருக்கு. மாசக்கணக்கில் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கும் துக்கத்தை, 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனிக் கோளாறாகவே சேர்த்திருக்கு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1979இல் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். மறு வருஷமே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று ஊருக்கே தெரியும். குடிக்கிறவருக்குச் சிகிச்சை, கூட இருக்கும் குடும்பத்துக்கும் ஆலோசனை என்பது அங்குள்ள முறை. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம்மில் பலருக்கு ஊரில் அம்மா போன பிறகு அப்பா தனியா இருக்கார். வீடியோ காலில் "நல்லா இருக்கேன்ப்பா" என்பார். ராத்திரி தூக்கத்துக்கு ரெண்டு பெக் என்று தொடங்கியிருக்கலாம். மது சீக்கிரம் தூங்க வைக்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். மறுநாள் மனசு இன்னும் கனக்கும், அளவு கூடும். தினமும் நிறையக் குடிக்கிறவரை "நாளையிலிருந்து தொடக்கூடாது" என்று சட்டென நிறுத்த வைக்காதீங்க. வலிப்பு வரலாம், டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்தணும். திட்டுவதற்கு முன்னால் அம்மாவைப் பற்றி அவரைப் பேச விடுங்க. அழுதால் அழட்டும், போனை வைக்காதீங்க.

பிள்ளைகளுக்கு வம்சக் கதை சொல்லும்போது குடித்தவர்களை விட்டுவிட்டுச் சொல்வது நம்ம வழக்கம். என் மகளுக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப மரம் வரைந்தபோது, கொள்ளுத்தாத்தா பேருக்குக் கீழே "அலோன், ரங்கூன்" என்று எழுத வைத்தேன். அவர் மனைவி நடந்த பாதையை மேப்பில் காட்டினேன். அவர் குடித்ததையும் சொன்னேன். "அவங்க செத்துப்போனதாலயா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, அப்போ அவருக்கு உதவி பண்ண யாருக்கும் தெரியலை" என்றேன்.