தளிச் சாலையில் தம்பிகள்

"கொஞ்சம் குளிர்ந்த காற்று வேண்டும், ஆனால் ஊட்டிக்குப் போய் வரப் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஓசூரில் இறங்கித் தளி பஸ்ஸில் ஏறுங்கள். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட பீடபூமி. ஏரிகளும், மேடும் பள்ளமுமான வயல்களும், காலைப் பனியும் பார்த்து மயங்கிய வெள்ளைக்காரர்கள் இதற்குக் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்களாம். அசல் இங்கிலாந்தை நான் பார்த்ததில்லை. ஆகையால் ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பிலிருந்து என்னை விட்டுவிடுங்கள்.

பஸ்ஸுக்குள்ளேயே உங்களுக்கு மூன்று பாஷை காதில் விழும். முன் ஸீட்டில் தெலுங்கு, பின் ஸீட்டில் கன்னடம், கண்டக்டரிடம் சில்லறை கேட்கும்போது தமிழ். ஒரே அம்மாள் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவதும் உண்டு. சாலையின் இரு பக்கமும் பாலிதீன் கூரை போட்ட கொட்டகைகள் தெரிகின்றனவே, அவற்றில் வளர்வது ரோஜா. மீதி நிலங்களில் கோஸ், தக்காளி, பீன்ஸ். இவை வருவதற்கு முன்னாலும், வந்த பின்னாலும், இந்த மண்ணின் அசல் தெய்வம் கேழ்வரகு. கதிர் முற்றுகிற சமயத்தில் ஜவளகிரிக் காட்டு யானைகளும் அழையாத விருந்தாளிகளாக வந்து சேரும்.

இவ்வளவும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்தப் பாதையில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பயணக் கூட்டமும் உண்டு. இருநூறு வருஷங்களுக்கு மேலாகப் பட்டாளம் போய் வந்த பாதை இது. அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

1791-ல் திப்பு சுல்தானோடு நடந்த யுத்தத்தில் காரன்வாலிஸின் படை ஓசூரைப் பிடித்தது. அந்தக் கோட்டைக் கதை சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது, விட்டுவிடுவோம். ஓசூரை ஒட்டிய மத்திகிரிக்கு வாருங்கள். இன்றைக்குக் கால்நடைப் பண்ணை என்று எல்லோருக்கும் தெரிந்த இடம். 1,600 ஏக்கருக்கு மேல் விரிந்த இந்தப் பண்ணையை 1824-ல் ஏற்படுத்தியது பாலுக்காக அல்ல, பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்க! ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்த 'வேலர்' ஜாதிக் குதிரைகள் இங்கே கொண்டுவரப்பட்டு, இந்தக் குளிர்ந்த காற்றில் தேறிப் பழகி, அப்புறம் படைகளுக்குப் போயின. அவற்றுக்குக் கொள்ளு விற்றவர்களும், புல் அறுத்துப் போட்டவர்களும் இந்தச் சுற்றுவட்டார ஜனங்களாகத்தானே இருந்திருக்க வேண்டும்? எந்த ராஜாவோடு எந்தத் துரைக்குச் சண்டை என்று அவர்களிடம் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்!

குதிரைகள் போய்விட்டன, தம்பிகள் இருக்கிறார்கள். யார் இந்தத் தம்பிகள் என்கிறீர்களா? ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே அல்சூர் ஏரிக்கரையில் 'மெட்ராஸ் ஸாப்பர்ஸ்' என்னும் பொறியியல் படையின் தலைமையிடம் இருக்கிறது. 1780-ல் உண்டான படை. பாலம் கட்டுவது, பாதை போடுவது, பூமிக்குள் புதைத்த கண்ணிவெடியைத் தேடி எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. இந்தப் படையின் சிப்பாய்க்கு ராணுவம் முழுவதும் வழங்கும் செல்லப் பெயர் 'தம்பி'. பஞ்சாபிக்கார அதிகாரி கூட 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். நம் வீட்டுச் சொல்லால் பெயர் வாய்த்திருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

இந்தத் தம்பிகளில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சுபேதார் சுப்பிரமணியன் என்று பெயர். 1944-ல் இத்தாலியில் மிக்னானோ என்ற ஊருக்குப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தபோது, வெடிக்கப் போன ஒரு கண்ணிமேல் தாமே விழுந்து மூடிக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் இல்லை. ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். செங்கற்பட்டுச் சீமைக்காரரான இவருடைய பெயரை நம் குழந்தைகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? கேட்டிராததற்குக் குழந்தைகள் காரணமல்ல. அவர் இறந்த யுத்தம் நம் வீடுகளை இரண்டாகப் பிளந்த யுத்தம்.

அந்தப் பிளவு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், ஓசூருக்குத் திரும்பி வந்து கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகித் தொரப்பள்ளிக்குப் போக வேண்டும். ஓடு வேய்ந்த சிறு வீடு ஒன்றை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். இந்த ஊர் முன்சீப்பின் பிள்ளையாக 1878 டிசம்பர் 10-ந் தேதி ராஜாஜி பிறந்தார். ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, பெங்களூர்க் காலேஜுக்குப் போனவர்.

1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் ஒருவரிடமும் கேட்காமல், இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். சென்னையில் பிரதம மந்திரியாக இருந்த ராஜாஜி அக்டோபர் மாதக் கடைசியில் மந்திரி சபையோடு ராஜிநாமாச் செய்தார். அடுத்த வருஷம் டிசம்பரில் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறைக்கும் போனார். இதுவரையில் யாருக்கும் குழப்பம் இல்லை.

குழப்பம் 1942-ல் வந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும், விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ரயிலில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். அப்போது ராஜாஜி சொன்னது இதுதான்: வாசலில் வந்து நிற்கும் புது எஜமானனைத் தடுப்பது முதல் காரியம், பழைய எஜமானனோடு கணக்கை அப்புறம் தீர்த்துக் கொள்ளலாம், இங்கே ஜனங்களின் மந்திரி சபை அமைய வேண்டும், அது நாட்டைக் காக்கும் படைகளுக்குத் துணை நிற்க வேண்டும். காங்கிரஸ் ஏற்கவில்லை. ஜூலையில் காங்கிரஸை விட்டே விலகினார். ஆகஸ்டில் காந்திஜி 'வெள்ளையனே வெளியேறு' என்றபோது எதிர்த்தும் பேசினார். நேற்றுவரை மாலை போட்ட ஜனங்களே அவருடைய கூட்டங்களில் கூச்சல் போட்டார்கள்.

இதில் ஒரு குடும்ப விஷயத்தை மறந்துவிடக் கூடாது. ராஜாஜியின் பெண் லக்ஷ்மியைக் காந்திஜியின் பிள்ளை தேவதாஸுக்குக் கொடுத்திருந்தது. ஆக, தேசம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கச் சண்டை போட்டவர்கள் சம்பந்திகள்! நம் வீடுகளில் சம்பந்திச் சண்டை சீர்வரிசைக்காக வரும். இங்கே உலக யுத்தத்துக்காக வந்தது. ஆனாலும் இருவருக்கும் பேச்சு நிற்கவில்லை, பாசமும் குறையவில்லை.

பெரியவர்கள் வீட்டிலேயே இப்படி என்றால் மற்றவர்கள் வீட்டைக் கேட்பானேன்? யுத்தம் முடிவதற்குள் இருபத்தைந்து லட்சம் இந்தியர்கள் பட்டாளத்தில் சேர்ந்திருந்தார்கள். கட்டாயம் இல்லை, தாங்களாகப் போனவர்கள். 'தாங்களாக' என்ற வார்த்தையில் எவ்வளவு பசி அடங்கியிருந்தது என்பது அடுப்படிக்குத் தெரியும். பர்மா அரிசி நின்றுபோய், பட்டணங்களில் ரேஷன் வந்து, கேழ்வரகைக் கண்டு முகம் சுளித்த வீடுகளும் அதைத் தேடி அலைந்த காலம். பட்டாளத்துப் பிள்ளையின் மணியார்டர் மாதம் தவறாமல் வந்தது. அண்ணன் கதர் கட்டி ஜெயிலில், தம்பி காக்கி போட்டுப் பாலைவனத்தில், இருவருக்கும் ஒரே அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டாள் என்றால் அது கதாசிரியர் கற்பனை அல்ல. அந்தக் காலத்தில் நடக்கக் கூடியதுதான்.

கடலுக்கு அப்பால் இன்னும் விசித்திரம். சிங்கப்பூரில் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பலர் நேதாஜியின் படைக்குப் போனார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்த தமிழ்ப் பெண்கள், இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள், துப்பாக்கி தூக்கி 'ஜான்ஸி ராணி' ரெஜிமெண்டில் அணிவகுத்தார்கள். அவர்களுக்குத் தலைவி, சென்னை மெடிகல் காலேஜில் படித்த டாக்டர் லக்ஷ்மி. அதே சமயத்தில் அவருடைய தாயார் அம்மு சுவாமிநாதன் ஆகஸ்ட் போராட்டத்துக்காக இங்கே சிறையில் இருந்தார். பர்மா எல்லையில் ஒரு பக்கம் தம்பி பாலம் கட்டுகிறான். மறு பக்கம் நேதாஜி படையில் இன்னொரு தமிழன். யாருக்காகக் கும்பிடுவது?

1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் நேதாஜி படை அதிகாரிகள்மேல் வழக்கு நடந்தபோது தேசமே அவர்கள் பக்கம் நின்றது. நேருவே வக்கீல் அங்கி போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார். சரியான காரியம். ஆனால் அதே மாதங்களில், தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கிய பட்டாளத்துக்காரனைப் பாட்டுப் பாடி வரவேற்க யாரும் இல்லை. அவன் வெள்ளைக்காரன் சம்பளம் வாங்கியவன்! அது மட்டுமல்ல, சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்கப் பதினைந்து வருஷ சேவை வேண்டும். யுத்தத்துக்கென்று சேர்ந்து, யுத்தம் முடிந்ததும் அனுப்பப்பட்டவனுக்கு ஐந்தாறு வருஷம்தான் தேறும். பென்ஷன் இல்லாமல் வந்தவன் மறுபடியும் ஏரைப் பிடித்தான். அவனுடைய மெடல்களில் பல, பெண் கல்யாணத்துக்கு உதவாத உலோகம் என்று தெரிந்த பிறகு, பெட்டியின் அடியில் கிடந்தன. நேதாஜி படையினரைத் தியாகிகளாக ஏற்றுப் பென்ஷன் கொடுத்ததும் 1972-ல்தான். இரண்டு கட்சிச் சிப்பாய்க்கும் வயிறு ஒரே மாதிரிதான் காய்ந்தது.

இதற்கு நேர்மாறாக 1962-ஐ நினைத்துப் பாருங்கள். சீனா படையெடுத்தபோது பிளவே இல்லை. கழுத்துச் சங்கிலியையும் கை வளையலையும் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்த அம்மாமார்களைப் பற்றி உங்கள் வீட்டிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். ஸ்வெட்டர் பின்னாத கை இல்லை. அப்படிப்பட்ட யுத்தத்தில் சிப்பாயை நேசிப்பது சுலபம்.

சுலபமில்லாத இன்னொரு யுத்தமும் நமக்கு வந்தது. 1987 ஜூலை 29-ந் தேதி ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தார்கள். அமைதி காக்க என்று போன இந்தியப் படையை யாழ்ப்பாணத்து ஜனங்கள் மாலையோடு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது. தீபாவளியை ஒட்டிய நாளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் படையினரின் குண்டுக்குப் பலியானார்கள். தமிழ்நாடு கொதித்ததில் ஆச்சரியமில்லை. அந்தப் படையில் மெட்ராஸ் ரெஜிமெண்டும் இருந்தது. தமிழ்ப் பேசும் சிப்பாய், தமிழ்ப் பேசும் தெருவில், துப்பாக்கியோடு!

அந்த வருஷம் நவம்பர் 25-ந் தேதி மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டு, தம் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்தபடியே உயிர் விட்டார். பம்பாயில் வளர்ந்த தமிழர். நம் பரங்கிமலைப் பயிற்சிப் பள்ளியில் அதிகாரியானவர். அந்த யுத்தத்துக்கான ஒரே பரம வீர சக்கரம் அவருடையது. மொத்தம் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் திரும்பி வரவில்லை.

திரும்பி வந்தவர்களின் கதை வேறு. 1990 மார்ச் 24-ந் தேதி கடைசிப் பிரிவு திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. சென்னைத் துறைமுக வரவேற்புக்கு அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மனம் வரவில்லை என்பது அவர் கட்சி. மேலிடத்து உத்தரவுக்குப் போன சிப்பாயை அவமதிக்கலாமா என்பது எதிர்க்கட்சி. இன்றைக்கும் இரண்டு பேர் சேர்ந்தால் இந்த விவாதம் கிளம்பிவிடும். என்னைக் கேட்டால், யாழ்ப்பாணத்துத் தாயின் கண்ணீரைப் பார்த்தவர் போகாமல் இருந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு ஒரு டம்ளர் காபி கொடுக்க அந்த விவாதம் முடிய வேண்டும் என்று நான் காத்திருக்க மாட்டேன். அனுப்பியவர்கள் அவன் அல்ல, இறங்கியவன் அவன்.

அந்தக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். பக்கத்து வீட்டார் 'உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறான்?' என்று கேட்டால் 'வடக்கே' என்று சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டிய நிலைமை. 1962-ல் ஊர்க் கோயிலில் அர்ச்சனை செய்து சொல்லிக்கொண்ட பெயரை 1988-ல் மனசுக்குள் மட்டும் சொல்ல வேண்டும். கொழும்பை அடுத்த ஜயவர்த்தனபுரக் கோட்டையில், இறந்த நம் சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்நிய மண்ணில் இருக்கிறது அந்தக் கல்.

தொரப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி சென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. விதவைகளுக்கு உதவித்தொகை, பிள்ளைகளின் படிப்புக்குப் பணம், பென்ஷன் தகராறு எல்லாம் பார்க்கும் இடம். இதற்கான நிதியில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? 1949 முதல் டிசம்பர் 7-ந் தேதி கொடி நாள் வருகிறதே, பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னக் காகிதக் கொடியைக் கொடுத்து, உண்டியலை நீட்டுவார்களே, அதிலிருந்துதான். உண்டியலில் 1962-க்கு ஒரு துவாரம், 1987-க்கு ஒரு துவாரம் என்று கிடையாது.

தளிக்கு எப்போது போகலாம் என்று கேட்கிறீர்களா? டிசம்பர்தான் நல்ல மாதம். கேழ்வரகு அறுவடைச் சமயம், யானை பயம் உண்டு; இருட்டுவதற்குள் ஓசூருக்குத் திரும்பிவிடுங்கள். குளிர் நடுக்கிவிடும், மறக்காமல் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.