காத்திருந்த காவலர்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் நடவு முடிந்த வயலைக் கண்டோர் ஒன்றைக் கவனித்திருப்பர். உழவர் எல்லா நாற்றையும் நட்டுவிடுவதில்லை. சில நாற்று முடிகளை வயலின் மூலையில், ஈரச் சேற்றில் ஊன்றி வைப்பர். சில நாட்களில் நட்ட பயிருள் சில பட்டுப்போகும். அந்த இடங்களில் மூலையில் நின்ற நாற்றை எடுத்து நடுவர். கதிர் முற்றித் தலைசாயும் காலத்தில், முன்னர் நட்டது எது, பின்னர் நட்டது எது என்று யாரால் பிரித்துச் சொல்ல இயலும்? மூலையில் நின்ற நாற்று வீண் நாற்று அன்று, காத்திருந்த நாற்று.

விளையாட்டுக் களத்திலும் இவ்வாறு காத்திருந்து பயன் தந்தோர் உண்டு. அவருள் ஒருவர் ரங்கநாதன் பிரான்சிஸ். 1920ஆம் ஆண்டு பிறந்த இவர், சென்னை மாநிலத்தின் சார்பில் ஹாக்கி ஆடியவர். கோல் காப்பது இவர் பணி.

ஹாக்கி ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். பதின்மர் ஓடி ஆடுவர். ஒருவர் மட்டும் கோலின் முன் நிற்பார். முன்வரிசையில் ஆடுபவர் பத்து முறை தவறினும் ஒருமுறை கோல் அடித்தால் புகழ் பெறுவார். கோல் காப்பவரோ பத்து முறை பந்தைத் தடுத்தாலும் ஒருமுறை தவறினால் பழி ஏற்பார். அத்தகைய கடும்பணிக்குப் பதிலாளாக இருப்பது அதனினும் கடிது. அக்காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றும் வழக்கமும் இல்லை. ஆகவே, களம் இறங்காத காவலருக்கு அன்று வேலை இல்லை. காத்திருத்தல் ஒன்றே உண்டு.

1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் விடுதலை பெற்ற இந்தியா முதன்முறையாக ஆடியது. அணியில் பிரான்சிஸ் இருந்தார். ஆயினும் முதன்மைக் காவலர் லியோ பிண்டோவே. ஆகஸ்டு 12ஆம் நாள் வெம்பிளி அரங்கில் இந்தியா பிரிட்டனை 4-0 என்று வென்றபோது, கோலின் முன் நின்றவரும் பிண்டோவே. பிரான்சிசுக்கு அப்பொழுது வயது இருபத்தெட்டு.

அடுத்த ஒலிம்பிக்குக்கு நான்கு ஆண்டுகள். ஆட்டக்காரர் வாழ்வில் நான்கு ஆண்டுகள் சிறு காலமா? பயிற்சியை நழுவவிட்டிருந்தால் அவர் பெயர் அன்றோடு மறைந்திருக்கும். 1952இல் ஹெல்சிங்கி நகரில் இந்தியாவின் முதன்மைக் காவலர் பிரான்சிஸ் ஆவார். மூன்று ஆட்டங்களில் இந்தியாவின் கோலுள் பந்து புகுந்தது இரண்டே முறை. இறுதி ஆட்டத்தில் பல்பீர் சிங் ஐந்து கோல்கள் அடித்தார். நெதர்லாந்து 6-1 என்று தோற்றது. ஐந்து கோல்களை உலகம் இன்றும் பேசுகிறது. பின்னே நின்று காத்தவரைப் பேசுவோர் சிலரே.

உயர்வது அரிது, உயர்ந்த இடத்தைப் பிறருக்கு அளிப்பது அதனினும் அரிது. 1956இல் மெல்போர்ன் சென்ற அணியிலும் பிரான்சிஸ் இருந்தார். அப்பொழுது வயது முப்பத்தாறு. இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 1-0 என்று வென்றபோது கோல் காத்தவர், சங்கர் லட்சுமணன் என்னும் இளைஞர். முன்னர்ப் பிண்டோவின் பின் நின்றவர், இப்பொழுது லட்சுமணனுக்கு வழிவிட்டு நின்றார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா 38 கோல்கள் அடித்தது, ஒன்றும் வாங்கவில்லை. எட்டாண்டுகளுக்குப் பின்னர், டோக்கியோவில் இந்தியா மீண்டும் தங்கம் வென்றபோதும் லட்சுமணனே காவலர்.

பிரான்சிஸ் 1975இல் மறைந்தார். மூன்று ஒலிம்பிக்குகளில் பொன் வென்ற அணிகளில் அவர் பெயர் உள்ளது. ஒருமுறை பதிலாள், ஒருமுறை முதலாள், ஒருமுறை வழிவிட்ட மூத்தவர்: நிலை மாறியது, கடமை மாறவில்லை. முறை வரும்வரை ஆயத்தமாய் இருப்பதும், முறை முடிந்தபின் முகம் சுளியாமல் விலகுவதும் வெற்றியின் பகுதிகளே. கைதட்டல் ஒலியைக் கொண்டு ஒருவர் உழைப்பை அளத்தல் தகாது.