குட்டிப் பெட்டிக்கு எது பொருந்தும்?

2025 ஒக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்ட் ஆதரவு இன்றோடு முடிகிறது. கிளிநொச்சியில் எங்கள் கணினிக் கடைக்கு வந்த பலருக்கு இது தெரியாது. எல்லோருடைய கண்ணும் மேசையில் இருக்கும் குட்டிப் பெட்டிகளில்தான்: வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி.

"ஐ5 தானே தம்பி?" என்று கேட்கிறார்கள். புரொசசர் ஐ5 என்றால் மட்டும் போதாது, எத்தனையாம் தலைமுறை என்பதுதான் கேள்வி. 6500டி ஆறாம் தலைமுறை, நாலு கோர். 8500டி எட்டாம் தலைமுறை, ஆறு கோர். விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் ஏற்றுக்கொள்வது, ஓரிரு விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். கீழே உள்ளவற்றில் குறுக்கு வழியால் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தொடர்ந்து அப்டேட் வருமென்று எவரும் உறுதி தரமாட்டார்கள். இனி ஆறாம் தலைமுறையைக் காசு கொடுத்து வாங்குவது வீண்.

ஒக்டோபர் 16, வியாழன்

முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஓர் அக்கா. "கனடாவில இருந்து அண்ணா ஒண்டு அனுப்புறாராம். அங்க 120 வோல்ட் எண்டு சொல்லுறாங்கள். இங்க செருகினா எரிஞ்சு போகாதோ?"

எரியாது. இந்தப் பெட்டிகளுக்கு லப்டொப்புக்குப் போல வெளியே அடப்டர். அதன் முதுகில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கும். சுவரில் செருகும் வயரை மட்டும் இங்கே மாற்றினால் சரி. பயப்பட வேண்டியது பழைய பெரிய டவருக்கு: சிலவற்றின் பின்பக்கத்தில் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருக்கும், அதை 230க்குத் தள்ளாமல் கரண்ட் கொடுத்தால் பவர் சப்ளை போய்விடும்.

அடப்டரையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். லெனோவோவின் முனை நீள்சதுரம், டெல்லினதும் எச்பியினதும் வட்டம். டெல் பெட்டி அடப்டரை அடையாளம் காணாவிட்டால் எச்சரிக்கை காட்டும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

ஒக்டோபர் 18, சனி

புதுக்குடியிருப்பில் கொமியுனிகேஷன் நடத்தும் அண்ணை வந்தார். அவரிடம் பழைய விஜிஏ மொனிட்டர், கெனன் 2900 பிரிண்டர், கணக்கில்லாத பாமினி எழுத்துருக் கோப்புகள்.

மொனிட்டருக்கு டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து விஜிஏக்கு மாற்றும் கொன்வேட்டர் வேண்டும், அதற்குள் சிப் இருக்க வேண்டும். பிரிண்டர் யூஎஸ்பியில் ஓடும், 64-பிட் விண்டோஸ் டிரைவர் கிடைக்கிறது. லினக்ஸ் போட்டால்தான் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். பாமினி வெறும் எழுத்துரு, எங்கும் நிறுவலாம். அதில் தட்டியதை வாடிக்கையாளரின் போனுக்கு அனுப்பினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், அதற்கு எந்தப் பெட்டியும் மருந்தல்ல. யூனிகோடுக்கு மாறச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

பின்னேரம் இடிமழை, கரண்ட் போனது. போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனத்துக்கு மின்கணக்கு சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இந்தப் பெட்டிகளில் 'டி' என்று முடியும் புரொசசர் 35 வோட் வகுப்பு. எழுத்து வேலைக்கு அதுவும் இழுக்காது. மொனிட்டரோடு சேர்த்து 35 வோட் என்று வைத்தால், சாதாரண யூபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பட்டரி, நல்ல நிலையிலிருந்தால், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். 2022இல் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்டை வெட்டியதுபோல வெட்டினால் அதுவும் காணாதுதான். மின்னலுக்கு யூபிஎஸ்ஸை நம்பக்கூடாது, பிளக்கைக் கழற்ற வேண்டும்.

ஒக்டோபர் 24, வெள்ளி

அறிவியல் நகர் பொறியியல் பீட மாணவன்: "கிராஃபிக்ஸ் கார்ட் போடலாமோ அண்ணா?" வழமையான கார்ட் குட்டிப் பெட்டிக்குள் போகாது. முப்பரிமாண வரைபடம் நிறைய வரைகிறவர் டவரே வாங்கட்டும். லப்டொப் ராம் இரண்டு போடலாம், 16 ஜிபி அவனுக்குப் போதும். சிலவற்றில் வைஃபை கார்ட் இருக்காது, போனை யூஎஸ்பியில் செருகி இணையம் எடுக்கலாம்.

வாங்க வருகிறவர்களுக்கு ஒன்று: வீட்டு மொனிட்டரின் பின்பக்கத்தையும் பிரிண்டரின் மொடல் பெயரையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.