முதுகு பிடித்த கதை

மனிதனுக்கு முதுகு என்று ஓர் அவயவம் இருப்பது ஐம்பது அறுபது வயது வரையில் அவன் ஞாபகத்திலேயே இருப்பதில்லை. முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக் கொள்கிறோம். கை கால்கள் எப்போதும் கண்ணெதிரே இருக்கின்றன. முதுகை யார் பார்த்தார்கள்? அது பாட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு, கூலியும் கேட்காமல், நம்மைத் தூக்கி நிறுத்தி வருகிறது. ஒரு நாள் திடீரென்று அது ஒத்துழையாமையை ஆரம்பித்துவிட்டால்தான் அதன் பெருமை விளங்குகிறது.

நமக்கு அந்த நாள் சென்ற மார்கழியில் வந்து சேர்ந்தது. அதற்கு முதல் நாள் சாயங்காலம், நிறைந்த காஸ் சிலிண்டரை வாசலிலிருந்து சமையலறை வரையில் நாமே தூக்கிக்கொண்டு போனோம். ஏறக்குறைய 30 கிலோ கனம். ஒன்றும் நேரவில்லை, மனத்துக்குள் சற்றுப் பெருமைகூடப் பட்டுக்கொண்டோம். மறுநாள் காலையில் வாசற்படியில் கிடந்த தினசரிப் பத்திரிகையை எடுக்கக் குனிந்தோம். பத்திரிகை கைக்கு வந்துவிட்டது, நிமிரத்தான் முடியவில்லை. அதிலுள்ள செய்திகளின் கனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஒரு மனிதனை அப்படி மடக்கிப் போடுவதற்கு நியாயமில்லை. எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாள், நாம் ஏதோ ஆசனம் பழகுவதாக நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு வீட்டில் நடந்த அமளியைக் கேட்பானேன்! பக்கத்து வீட்டுப் பாட்டி நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். கால் முன்னால் வரப் பிறந்தவர் யாராவது முதுகில் மிதித்தால் உடனே சரியாகிவிடும் என்று மைத்துனர் சொல்லிவிட்டு, அப்படிப்பட்டவரைத் தேடியும் புறப்பட்டுவிட்டார். சென்னையிலிருந்து புதல்வன் டெலிபோனில், "அப்பா, தாமதிக்காதீர்கள்! உடனே ஸ்கான் எடுத்துவிடுங்கள்" என்று உத்தரவு போட்டான். நம் மனைவி மட்டும், "அசையாமல் படுத்திருங்கள். கொல்லை அறையில் மாமா படுத்திருந்த பலகை இருக்கிறது. துடைத்துப் போடச் சொல்கிறேன்" என்றாள்.

பலகை என்றதும் வலியைக்கூட மறந்துவிட்டோம்.

1979-ம் வருஷத்தில் நம் தகப்பனாருக்கு இதே மாதிரி முதுகு பிடித்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 64. அதிகாலையில் எழுந்து, அரை மைல் நடந்து, காவேரியில் ஸ்நானம் செய்து திரும்புகிற தேகம். வைத்தியர் மூன்று வாரம் பலகையில் படுத்திருக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லா வைத்தியர்களும் சொன்னது அதுதான், அவர்மீது குற்றமில்லை. ஆனால் நாமும் நம் தமையனாரும் பிதிர் பக்தி மேலிட்டு, அந்த மூன்று வாரத்தை ஆறு வாரமாக்கினோம். "எழுந்திருக்கட்டுமா, அப்பா?" என்று நம்மை அவர் குழந்தையைப்போல் கேட்பார். "இன்னும் நாலு நாள் போகட்டும், அப்பா" என்போம். கடைசியில் எழுந்தபோது வலி போயிருந்தது. காலில் பலமும் போயிருந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஜீவித்திருந்தார். திண்ணைக்கு அப்பால் போகவில்லை.

இந்த நினைவுடன்தான் அன்று பகல் டாக்டரிடம் போனோம். சின்னப் பெண், நம் புதல்வியின் வயதுதான் இருக்கும். காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கட்டை விரலை அழுத்தச் சொன்னார். நீர் பிரிவதில் தடையோ, தன்னையறியாமல் கசிவதோ உண்டா, மறைவிடத்தில் மரத்துப் போயிருக்கிறதா, கால் பலமற்றுத் துவள்கிறதா, ஜுரம் உண்டா, காரணமின்றி உடம்பு இளைத்ததா, கீழே விழுந்தோமா, முன்பு புற்றுநோய் வந்ததுண்டா என்று கேட்டார். இவற்றில் ஒன்றிருந்தாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். முதல் மூன்றுக்கு ஒரு நாள் பொறுப்பதுகூட ஆபத்து. நமக்கு ஒன்றும் இல்லை.

"அப்படியானால் எழுந்து நடங்கள், ஐயா" என்றார்.

பலகையைப் பற்றிச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. 1995-ம் வருஷத்தில் பின்லாந்து தேசத்து ஹெல்ஸிங்கி நகரில் நடந்த ஒரு பரீட்சையைப் பற்றிச் சொன்னார். முதுகு வலி வந்த நகரசபைச் சிப்பந்திகள் 186 பேரை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். ஒரு வகுப்பாருக்கு இரண்டு நாள் படுக்கை. இன்னொரு வகுப்பாருக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாமவரை, வலி பொறுக்கும் அளவில் வழக்கமான காரியங்களைச் செய்துகொண்டிருக்கச் சொன்னார்கள். மூன்றாமவரே சீக்கிரம் குணமடைந்தார்கள். படுத்தவர்கள் எல்லோருக்கும் பின்னால். படுக்கை எவ்வளவு பொல்லாதது என்பதற்கு 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியும் இருக்கிறது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்க வைத்ததில், அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்துவிட்டதாம். பத்து நாளில் 1 கிலோ! தகப்பனார் படுத்திருந்தது நாற்பத்திரண்டு நாள்.

ஸ்கான் வேண்டாமா என்று கேட்டோம். புதல்வனுக்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா? முதுகெலும்புத் துண்டுகளுக்கு நடுவே மெத்தைபோல் 23 'டிஸ்க்'குகள் இருக்கின்றன. முதுகு வலியே இல்லாத 98 பேரை ஸ்கான் செய்து பார்த்த முடிவு 1994-ல் வெளியாயிற்று. இடுப்புப் பகுதி டிஸ்க்குகள் எல்லாம் பழுதின்றி இருந்தது 36 சதவிகிதத்தினருக்குத்தான். தலை நரைப்பதைப்போல் டிஸ்க்கும் மூப்படைகிறது. படத்தில் அதைக் கண்டு பயந்து முடங்குகிறவர்கள் அநேகர். அபாயக் குறிகள் இல்லாத முதுகு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடுகிறது. மறுபடியும் வரவும் வரும். ஆனால் வலிக்கிறது என்பதனாலேயே உள்ளே ஏதோ ஒடிந்துபோயிற்று என்று எண்ணிவிடக் கூடாது.

பலகை, கல் போன்ற மெத்தை எல்லாமே வீண் தவம்தானாம். ஸ்பெயினில் 313 பேருக்கு மெத்தை கொடுத்துப் பார்த்ததில், கெட்டி மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையே அதிகச் சுகம் தந்தது. இது 2003-ல் வெளிவந்த செய்தி.

சில மாத்திரைகள் கொடுத்தார். வயிற்றையும் மூத்திரக் காயையும் கெடுக்கக் கூடியவை, ஐந்து நாளைக்கு மேல் வேண்டாம் என்று எச்சரித்தார். நொச்சி ஒத்தடத்துக்கு ஆட்சேபம் இல்லை. சூடு இதமாயிருக்கும், அதிகமாய்ச் சுட்டுக்கொள்ளாமல் இருந்தால் சரி. பாட்டிக்கு வெற்றி. மைத்துனர் கண்டுபிடித்து அழைத்து வந்த மனிதருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினோம்.

முதல் நாள் கூடத்துக்குள் நாலு தடவை நடந்தோம். ஒவ்வோர் அடிக்கும் உயிர் போய் வந்தது. மனைவிக்குக் கண்ணில் நீர். "மனுஷரைக் கொல்லப் பார்க்கிறார்கள்" என்றாள். மூன்றாம் நாள் தெருமுனை. அரை மணிக்கு ஒரு தரம் நாற்காலியை விட்டு எழுந்தோம். கனமானதை எடுத்தால் உடம்போடு ஒட்டி அணைத்துக்கொள்ளப் பழகினோம். எட்டாம் நாள் இரவு புரண்டு படுக்கும்போது மறுபடி சுரீர் என்றது. பயந்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விடியும்வரை பலகையையே நினைத்துக்கொண்டு கிடந்தோம். விடிந்ததும் நடக்கத்தான் போனோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காவேரி வரையில் போனோம். படித்துறையில் இறங்கும்போது முதுகு கொஞ்சம் முணுமுணுத்தது. மேலிருந்து நாலாவது படியில்தான் தகப்பனார் ஸ்நானத்துக்கு முன் வேஷ்டியை மடித்து வைத்துவிட்டு உட்காருவது வழக்கம். நாமும் அங்கே சற்று உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்பினோம்.